திரையில் டாக்டர், திண்ணையில் நோயாளி

புதுக்கோட்டை மாவட்டத்தின் ஒரு மூலையில், பஸ் நிற்கும் சாலையிலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளியிருக்கும் கிராமத்தில், இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவன் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதமாக அவன் வேலைக்குப் போவதில்லை, குளிப்பதில்லை. ஆளில்லாத மூலையைப் பார்த்துப் பேசுகிறான். சோற்றில் யாரோ விஷம் வைத்திருப்பதாகச் சொல்லித் தட்டைத் தள்ளிவிடுகிறான். வீட்டார் முதலில் கோடாங்கியிடம் போனார்கள். பிறகு கோயிலில் தங்கவைத்துப் பார்த்தார்கள். இப்போது அவன் வெளியே ஓடிவிடக் கூடாதே என்று கதவைப் பூட்டிவைக்கிறார்கள்.

இந்த இளைஞனுக்கு வந்திருப்பது மனச்சிதைவு நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு. அது விலை உயர்ந்த மருந்தும் அன்று. ஆனால் நோய் இன்னதென்று கண்டறிந்து, மருந்தின் அளவை அறிந்து கொடுக்கவல்ல டாக்டர் அந்த ஊரிலிருந்து எத்தனை தூரத்தில் இருக்கிறார்?

இக்கேள்விக்கு விடையாக இன்று நம்முன் வைக்கப்படுவது தொலைமருத்துவம். டாக்டர் கிராமத்துக்கு வரவேண்டாம். நோயாளி நகரத்துக்குப் போகவேண்டாம். இருவருக்கும் நடுவே ஒரு திரை இருந்தால் போதும் என்கிறார்கள். இந்தப் ‘போதும்’ என்ற சொல் உண்மைதானா என்பதைச் சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பற்றாக்குறையின் அளவு

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2015-16-ஆம் ஆண்டில் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடத்தப்பட்டது. வயது வந்தோரில் 10.6 சதவிகிதம் பேருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு அப்போது இருந்ததாக அது கண்டது. நாடு முழுவதற்குமாகக் கணக்கிட்டால், உதவி தேவைப்படுவோர் ஏறத்தாழ 15 கோடிப் பேர். இவர்களில் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. நோயின் வகையைப் பொறுத்து, 100 பேரில் 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை இல்லாமலே இருந்தார்கள்.

டாக்டர்களின் எண்ணிக்கையோ மிகக் குறைவு. சில ஆண்டுகளுக்கு முன் செய்த மதிப்பீட்டின்படி, 1 லட்சம் மக்களுக்கு 0.75 மனநல டாக்டர். அதாவது 4 லட்சம் பேருக்கு 3 பேர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் புதுக்கோட்டை மாவட்டத்தின் மக்கள்தொகை 16 லட்சத்துக்குச் சற்று அதிகம். சராசரிப்படி அங்கே 12 மனநல டாக்டர்கள் இருக்கவேண்டும். ஆனால் சராசரி என்பது காகிதத்தில் வாழ்வது. டாக்டர்கள் வாழ்வது பெருநகரங்களில்.

இக்குறையை அரசு அறியாமலில்லை. தேசிய மனநலத் திட்டம் 1982-ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டது. 1996-ஆம் ஆண்டில் மாவட்ட மனநலத் திட்டம் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது, தமிழ்நாட்டின் திருச்சி அவற்றுள் ஒன்றாக இருந்தது. இவ்வளவுக்குப் பின்னும், 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் விடுதி ஒன்றில் தீப்பிடித்தபோது 28 மனநோயாளிகள் கருகி மாண்டார்கள். அவர்கள் ஓட முடியவில்லை, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். சிகிச்சை எட்டாத இடத்தில் சங்கிலிதான் எட்டுகிறது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்து, சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியது. உரிமை வந்துவிட்டது, டாக்டர் வரவேண்டுமே!

பழைய யோசனை

திரை வழியே மனநோய்க்குச் சிகிச்சை தருவது செல்போன் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைக்கவேண்டாம். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்து மனநல நிறுவனம் ஒன்றில், 1959-ஆம் ஆண்டிலேயே இருவழித் தொலைக்காட்சி மூலம் குழுச் சிகிச்சை நடத்திப் பார்த்தார்கள். 1964-ஆம் ஆண்டில், 112 மைல் தொலைவிலிருந்த நார்ஃபோக் அரசு மருத்துவமனையை அதே நிறுவனத்துடன் தொலைக்காட்சியால் இணைத்தார்கள்.

மருத்துவத்தின் எத்தனையோ கிளைகள் இருக்க, மனநலத் துறை ஏன் இதில் முந்திக்கொண்டது? காரணம் எளியது. எலும்பு முறிவைத் தொட்டுப் பார்க்கவேண்டும். வயிற்றுக் கட்டியை அழுத்திப் பார்க்கவேண்டும். மனநல டாக்டரின் முதன்மையான கருவிகளோ கண்ணும் காதும் பேச்சும்தாம். இவை மூன்றையும் மின்சாரம் சுமந்து செல்லும். மனச்சோர்வு போன்ற நோய்களுக்குத் திரை வழியே தந்த ஆலோசனை, நேரில் தந்ததற்கு ஏறக்குறைய இணையான பலனைக் கொடுத்ததாகப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. இது தொலைமருத்துவத்தின் உண்மையான பெருமை. இதை மறுப்பதற்கில்லை.

ஆனால் விஞ்ஞானம் பயிலும் மாணவர் இங்கே ஒரு கேள்வி கேட்கவேண்டும். அந்த ஆய்வுகள் பெரும்பாலும் எங்கே நடந்தன? செல்வ நாடுகளில். அங்கே நோயாளிக்குத் தனி அறை உண்டு. மருந்துக் கடை உண்டு. தவறினால் விசாரிக்க ஆள் உண்டு. ஆய்வு ஒப்பிட்டது திரையையும் நேர்ச்சந்திப்பையும் மட்டுமே; மற்றவை இரு பக்கமும் சமமாக இருந்தன. அந்த மற்றவை இல்லாத ஊருக்கு அதே முடிவை அப்படியே பொருத்துவது, தொட்டியில் வளர்ந்த நாற்றின் விளைச்சலை வைத்து வானம் பார்த்த நிலத்தின் மகசூலைச் சொல்வதற்கு ஒப்பாகும்.

திரை காட்டாதவை

திரையின் குறைகளையும் நேர்மையாகப் பட்டியலிட வேண்டும்.

முதற்குறை காலதாமதம். பூமிநிலைத் துணைக்கோள் நம் தலைக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு சொல் மேலே போய்க் கீழே வர 72,000 கிலோமீட்டர் கடக்கவேண்டும். ஒளியின் வேகம் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர், ஆகவே 0.24 நொடி ஆகும். கேள்வி போய்ப் பதில் வருவதற்குள் ஏறத்தாழ அரை நொடி கழிந்துவிடும். அரை நொடிதானே என்று தள்ளிவிடாதீர்கள். ஆழ்ந்த மனச்சோர்வில் நோயாளியின் பதில் தாமதமாகத்தான் வரும். அந்தத் தாமதமே டாக்டருக்கு ஓர் அறிகுறி. இயந்திரத்தின் தாமதம் எது, மனத்தின் தாமதம் எது என்று அவர் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. தரைவழிக் கண்ணாடி இழையில் இத்தாமதம் மிகக் குறைவு. ஆனால் அலைவரிசை மெலிந்த ஊரில் படம் உறைந்து நிற்பது இன்றும் உண்டு.

இரண்டாவது குறை தொடுதல் இல்லாமை. ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் சிலருக்குத் தசை இறுக்கத்தை உண்டாக்கும். நேரில் இருக்கும் டாக்டர் நோயாளியின் கையைப் பிடித்து, முழங்கையை மெல்ல மடக்கி நீட்டிப் பார்ப்பார். பல்சக்கரம் திரும்புவதுபோல விட்டுவிட்டு இறுகினால் மருந்தைக் குறைப்பார், அல்லது மாற்றுவார். திரையில் கை நடுங்குவது தெரியலாம், இறுக்கம் தெரியாது.

மூன்றாவது குறை இரத்தம். மனவெழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை நோய்க்கு லித்தியம் சிறந்த மருந்து. தொடர்சிகிச்சையில் அதன் அளவு இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கவேண்டும், 1.5-ஐத் தாண்டினால் நஞ்சாகும். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி இவ்வளவு குறுகியது. குளோசபின் என்ற மருந்தைத் தொடங்கினால், முதல் மாதங்களில் வாரந்தோறும் வெள்ளணுக்களை எண்ணவேண்டும். ஓலான்சபின் சாப்பிடுவோரின் எடையையும் சர்க்கரையையும் கவனிக்கவேண்டும். டாக்டர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும், ஊரில் இரத்தம் எடுக்க ஆளில்லை என்றால் அவர் கை கட்டப்பட்டதுதான்.

இக்குறைகளைப் பாருங்கள். அலைவரிசையைக் கூட்டினால் தீர்வது முதல் குறை மட்டுமே. மற்ற இரண்டையும் நல்ல காமிராவால் தீர்க்க முடியாது. நோயாளியின் பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒரு மனிதர் இருந்தால்தான் தீரும்.

ஒரு நல்ல முன்மாதிரி

இந்த உண்மையை உணர்ந்து அமைக்கப்பட்ட திட்டம் ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-ஆம் ஆண்டில் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், ‘ஸ்கார்ஃப்’, 2010-ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பஸ்ஸை ஓடவிட்டது. பஸ்ஸுக்குள் ஓர் அறை. அறையில் ஒரு திரை. நோயாளியும் உறவினரும் அதில் அமர்ந்து, ஏறத்தாழ 380 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையில் இருக்கும் டாக்டருடன் பேசுவார்கள். 150-க்கும் மேற்பட்ட கிராமங்களுக்காக இது திட்டமிடப்பட்டது.

பத்திரிகைகள் பாராட்டியது திரையை. பாராட்ட வேண்டியது பஸ்ஸின் மற்றப் பாதியை என்பது எனது கருத்து. ஏனெனில் அதிலேயே மருந்துப் பிரிவும் இருந்தது. டாக்டர் சென்னையில் எழுதிய சீட்டுக்குரிய மாத்திரையை நோயாளி அதே படியில் இறங்கும்போதே, காசில்லாமல், கையில் வாங்கிக்கொண்டு போனார். அந்தந்த வட்டாரத்திலேயே தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரப்பட்ட ஊழியர்கள் நோயாளிகளை அடையாளம் கண்டார்கள், வீட்டாரிடம் பேசினார்கள், வராதவரைத் தேடிப் போனார்கள். பஸ்ஸின் பின்புறத் திரையில் மனநோய் பற்றிய படங்களை ஊராருக்குக் காட்டினார்கள். பேய் என்று நினைத்தது நோய் என்று தெரிந்த பிறகல்லவா, ஒருவர் டாக்டரைத் தேடுவார்?

ஊர் ஊழியரின் மதிப்பு வெறும் நம்பிக்கையன்று. அது அளந்து பார்க்கப்பட்டது. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சத்தாரா ஆகிய மூன்று இடங்களில் மனச்சிதைவு நோயாளிகள் 282 பேரைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வின் முடிவுகள் 2014-ஆம் ஆண்டில் வெளியாயின. ஒரு பிரிவினருக்கு வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சை மட்டும்; மற்றப் பிரிவினருக்கு அத்துடன் பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்கள் வீடு தேடி வந்து தந்த ஆதரவு. இரண்டாம் பிரிவினரின் நோய்க்குறிகளும் இயலாமையும் கூடுதலாகக் குறைந்தன. முன்னேற்றம் மிதமானதே, ஆனால் உண்மையானது. மருத்துவப் பட்டமில்லாத மனிதர் ஒருவர் வாசற்படி ஏறியதால் கிடைத்த முன்னேற்றம் அது.

குறையும் உண்டு. இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் நன்கொடையில் ஓடுகின்றன. நன்கொடைக்கு ஆண்டுக் கணக்கு உண்டு. மனச்சிதைவு நோய்க்கு அது கிடையாது. மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு மிக அதிகம். ஆகவே ஐந்தாண்டு ஓடி நின்றுபோகும் சேவை, ஆற்றில் பாதி தூரம் போட்ட பாலத்துக்கு நிகராகிவிடும்.

தொலைபேசி எண் ஒன்று

அரசின் வழி வேறு. 2022 அக்டோபர் 10-ஆம் நாள், உலக மனநல நாளில், மத்திய அரசு ‘டெலி மானஸ்’ என்ற சேவையைத் தொடங்கியது. 14416 என்ற எண்ணை நாட்டின் எந்த மூலையிலிருந்தும் இலவசமாக, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். தமிழ் உள்பட 20 மொழிகளில் பதில் கிடைக்கும். பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் இதற்குத் தலைமை மையம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவையானால் நிபுணரிடம் அனுப்புவார். 2025-ஆம் ஆண்டுக்குள் அழைப்புகள் 20 லட்சத்தைத் தாண்டின. நள்ளிரவில் உயிரை விட்டுவிடலாமா என்று தவிக்கும் ஒருவருக்கு, மறுமுனையில் ஒரு மனிதக் குரல் கிடைப்பது சிறிய காரியம் அன்று. இந்த எண்ணை நீங்கள் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் 20 லட்சம் என்பது அழைப்புகளின் கணக்கு, குணமானோரின் கணக்கன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் காட்டும் பேச்சை நாம் ஏற்கக் கூடாது. மேலும் ஒன்றை யோசியுங்கள். அழைப்பவர் யார்? தன் மனம் வாடியிருப்பதைத் தானே உணர்ந்தவர். நாம் தொடக்கத்தில் பார்த்த இளைஞன் அழைப்பானா? தனக்கு நோயே இல்லை, சோற்றில்தான் விஷம் இருக்கிறது என்று நம்புகிறவன் எந்த எண்ணையும் சுழற்றமாட்டான். நோய் எவ்வளவுக்குக் கடுமையோ, அவ்வளவுக்கு நோயாளி அழைக்கும் வாய்ப்பு குறைவு. அழைப்புக்காகக் காத்திருக்கும் எந்தச் சேவைக்கும் உள்ள இயல்பான ஊனம் இது.

பெண்களின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். ஓரறை வீடு. செல்போன் கணவன் கையில். அவளுடைய தூக்கமின்மைக்கும் அழுகைக்கும் காரணம் அவனுடைய குடியும் அடியும். அவன் போனிலேயே, அவன் காதுபட, அவள் எதைச் சொல்வாள்? “ஒன்றுமில்லை டாக்டர், நன்றாகத்தான் இருக்கிறேன்” என்பாள். திரையின் மறுபுறத்தில் அது குணமடைந்ததாகப் பதிவாகும். பஸ்ஸில் ஒரு கதவு இருந்தது; அதைச் சாத்திக்கொண்டு பேசலாம். தொலைபேசியில் கதவு இல்லை. தனிமை என்பது நகரவாசியின் ஆடம்பரமன்று. மனநலச் சிகிச்சையில் அது மருந்தைப்போல அவசியமானது.

எத்தனை தூரங்கள்?

நம் ஆராய்ச்சியைத் தொகுத்துப் பார்ப்போம். நோயாளிக்கும் குணத்துக்கும் இடையே இருப்பது ஒரு தூரமன்று, நான்கு தூரங்கள். நோயை நோய் என்று வீட்டார் உணரும்வரை முதல் தூரம். அங்கிருந்து டாக்டரின் கண்வரை இரண்டாவது. டாக்டரின் சீட்டிலிருந்து மாத்திரை கைக்கு வரும்வரை மூன்றாவது. முதல் மாத மாத்திரையிலிருந்து இரண்டாம் ஆண்டு மாத்திரைவரை நான்காவது.

திரை குறைப்பது இரண்டாவது தூரத்தை மட்டுமே. அதைக் குறைப்பதும் பேருதவிதான். மாதம் ஒருமுறை நோயாளியும் துணையாக ஒருவரும் நகரத்துக்குப் போய்வந்தால், ஆண்டுக்கு 24 நாள் கூலி போகும். பஸ் கட்டணம் தனி. ஆனால் மற்ற மூன்று தூரங்களும் அப்படியே கிடக்கும்போது, இரண்டாவதை மட்டும் சுருக்கிவிட்டு வேலை முடிந்தது என்று அறிவிப்பதைத்தான் நான் குறைகூறுகிறேன்.

மற்ற மூன்றுக்கும் வழி இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரை நோய்க்கும் உரிய மாத்திரைகளைப் பெண் ஊழியர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்த் தந்தார்கள். அந்தப் பையில் மனச்சிதைவுக்குரிய மாத்திரையும் இருப்பது எல்லா ஊருக்கும் விதியாகட்டும். கையை மடக்கி இறுக்கம் பார்க்கவும், எடை போடவும், இரத்தம் எடுத்து அனுப்பவும் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியருக்குப் பயிற்சி தரட்டும். அதே நிலையத்தில் கதவுள்ள அறை ஒன்றில் திரையை வைக்கட்டும். அப்போது திரைக்கு ஒரு வேர் கிடைக்கும். ஏர்வாடி தர்காவில் வழிபாட்டைத் தடுக்காமலே, அதனுடன் மருந்தையும் சேர்த்துத் தரும் ஏற்பாடு பின்னர் வந்ததல்லவா? மக்கள் எங்கே போகிறார்களோ அங்கே மருத்துவம் போகவேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு பாடம்.

வாசகர்களே, உங்கள் மாவட்டத்திலும் ஒருநாள் தொலை மனநல மையம் ஒன்று திறக்கப்படலாம். விழாவில் பெரிய திரையைக் காட்டுவார்கள். திரை எத்தனை அங்குலம் என்று கேட்காதீர்கள். டாக்டர் சீட்டு எழுதிய நாளிலேயே மாத்திரை கைக்கு வருமா? வராதவரைத் தேடிப் போக ஆள் உண்டா? பேசுகிற அறைக்குக் கதவு உண்டா? இரத்தப் பரிசோதனை எங்கே? மூன்றாம் ஆண்டுச் செலவுக்குப் பணம் யார் தருவார்? இவ்வைந்து கேள்விகளைக் கேளுங்கள்.

அந்த இளைஞனின் கதவு இன்னும் பூட்டியே இருக்கிறது. அதை வெளியிலிருந்து தட்டித் திறக்க ஒரு மனிதக் கை வேண்டும். கதவு திறந்தபின், டாக்டர் திரையில் இருந்தாலும் குற்றமில்லை.